டீசலில் கழுவிய ரப்பர்

ஹமீது பாயின் பழைய டீசல் பிக்கப் சவுக்குக் கட்டைப் பாரத்தோடு மேடேறினால் மூச்சுத் திணறும். இறக்கத்தில் நிற்கவும் நிற்காது. இரண்டையும் சேர்த்தே சரிபண்ணித் தரச் சொல்லி, வில்லியனூரில் ஏகநாதனின் பட்டறையில் கொண்டுவந்து விட்டார்.

ஏகநாதன் கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். டீசல் பம்பைத் திருத்தி, டீசலைப் பீய்ச்சும் நாசில்களை மாற்றி, இன்ஜினுக்கு வலுவேற்றினார். உடைத்த லாரியிலிருந்து பெரிய பிரேக் டிரம்களை வாங்கிச் சக்கரங்களில் பொருத்தினார். பிரேக் சிலிண்டருக்குள் போகும் ரப்பர் வாஷர்கள் புத்தம் புதியவை. மற்ற சாமான்களைப் போலவே அவற்றையும் டீசல் தட்டில் போட்டு அலசினார்.

பக்கத்தில் வேலையாயிருந்த சேதுராமனுக்குக் கை நின்றுவிட்டது. அவன் மாலை வகுப்பில் மோட்டார் தொழில் படிக்கிறவன். ரப்பரை பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும் என்று வாத்தியார் சொன்னதாக ஞாபகம். மண்ணெண்ணெய் மட்டும் ஆகாது என்றாரா, டீசலும் ஆகாது என்றாரா? எதையும் சரிபார்க்காமல் பேச மாட்டான். சரிபார்த்த பிறகும் தன் காதையே சந்தேகிப்பான்.

“அண்ணே, ரப்பர டீசல்ல போடலாமா?”

“இன்னாடா, சாயங்கால காலேஜி கேள்வி கேக்குதா? பின்ன இன்னாத்துல கழுவுறது, பன்னீர்லயா?”

ஹமீது பாய் சிரித்தார். “உடுப்பா. படிக்கிற புள்ள, கேட்டுட்டுப் போவுது.”

சேதுவும் சிரித்துவைத்தான்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை வெளியே எடுத்தார்கள். மிதித்த இடத்தில் நின்றது. அன்று மாலையே சேது வாத்தியாரைக் கேட்டான். டீசல் பட்டால் ரப்பர் ஊறி வீங்கும், உடனே தெரியாது என்றார் அவர்.

மறுநாள் அதைச் சொன்னபோது ஏகநாதனின் முகம் சுருங்கியது. “பழம் நசுக்கி அனுப்புன வண்டியடா அது. திருப்பிக் கூப்ட்டுப் பிரிச்சா வெளங்குமா? பட்டற பேரு இன்னா ஆவும்?”

அந்தப் பட்டறையில் அதுதான் வழக்கம். பழம் நசுங்கிய வண்டியைக் குறை சொல்லி யாராவது கொண்டுவந்தால் ஒழிய, தாங்களாகத் திறக்க மாட்டார்கள். நன்றாகத்தானே நின்றது என்று சேதுவும் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வாரக் கடைசியில் பாயே வந்தார். “முன்சக்கரம் ரெண்டும் கொதிக்குதுப்பா. ஆனா இழுவ இருக்கு பாரு, யான மாரி. பாரமே தெரியல.”

சேது டிரம்மைத் தொட்டுக் கையை உதறினான். காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பழைய இன்ஜினாக இருந்தால் வண்டி நகராமல் காட்டிக் கொடுத்திருக்கும். புது வலு அதை மறைத்துவிட்டது.

“வீங்கிடுச்சுண்ணே. பிரிச்சிடலாம்.” பாயின் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்.

“லூசு பண்ணா சரியாப் பூடும்” என்று ஏகநாதன் பிரேக்கைத் தளர்த்தி அனுப்பிவைத்தார்.

மறுநாள் நடுப்பகலில், செல்லிப்பட்டு ஆற்றங்கரைச் சரிவில், பிக்கப் நிற்காமல் போய்ப் புளியமரத்தில் மோதியது. பின்னாலிருந்த கட்டைகள் முன்னே பாய்ந்து கேபினைத் துளைத்தன. பாயை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

வெயிலில் தூங்கிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஏகநாதன் மறுக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், கட்டி இழுத்துவந்த வண்டி பட்டறை வாசலில் கிடந்தது. சேது முன்சக்கரத்தைப் பிரித்தான். வாஷர் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பி, விளிம்பு மடங்கி, பிரேக் ஆயிலை ஒழுகவிட்டிருந்தது.

“வண்டியப் பாக்க இன்ஸ்பெக்டரு வர்றதுக்குள்ள புதுசு மாட்டிடு” என்றார் ஏகநாதன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது பாயின் தம்பி அப்துல் கனி வந்து நின்றார். “அண்ணி ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அவரு தூங்கிட்டாரா, இல்ல பிரேக்க மிதிச்சாரா?”

ஏகநாதன் வாயைத் திறக்குமுன் சேது வாஷரைக் கனியின் உள்ளங்கையில் வைத்தான்.

“அவரு மிதிச்சிருப்பாருங்க. பிரேக்கு புடிச்சிருக்காது. டீசல்ல கழுவிட்டோம்.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“வண்டிய அனுப்புன அன்னிக்கே. சாயங்காலம்.”

கனி வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ வகுப்புக்குப் போற வழிலதானப்பா எங்க வூடு” என்றார்.