ஜோதிமேரியின் இன்னும் அட்டும்

வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்து வருஷம் ஆகியும், இன், ஆன், அட் மூன்றையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக மறந்துவிட்டான். அவை ராமநாதபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசரிடம் பத்திரமாக இருந்தன. குமாஸ்தா வேலைக்கு வருகிறவர்களை அவர் இங்கிலீஷில்தான் கேள்வி கேட்பார். பிரிபொசிஷன் பிசகினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

பாம்பனில் ஜோதிமேரி சோறு தின்னும்போதுகூட அதைத்தான் உருப்போட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மகளிடம் அவள் அய்யா செபஸ்தியான் கறாராகச் சொல்லியிருந்தார். "வேலை கெடச்சா ஆபீசுக்குப் போ. கெடைக்கலைன்னா பாஸ்குத் திருநாள் முடிஞ்சதும் மாமன் மகன் பெஞ்சமினைக் கட்டிக்க." பெஞ்சமின் நல்லவன்தான். ஆனால் மூச்சுக்கு முந்நூறு தரம் வெற்றிலை துப்புகிறவன். அவனை நினைத்தாலே அவளுக்கு இலக்கணம் மளமளவென்று மண்டையில் ஏறியது.

பயிற்சிக்கு அய்யாவே சாளை மீனும் ஓலைப்பெட்டியுமாக உட்காருவார். பெட்டிக்குள் போட்டால் இன், மூடிமேல் வைத்தால் ஆன். ஒருநாள் அட்டுக்காகப் பக்கத்தில் வைத்த மீனைப் பூனை கவ்வி விழுங்கிவிட்டது.

"இப்ப என்னத்தா சொல்லணும்?" என்றார் அய்யா.

"மீனு பூனைக்குள்ள இருக்குல்ல, அதுக்கும் இன்னுதான்யா."

"அப்ப உள்ள போயி முடிஞ்சிருச்சுன்னா இன்னு. சரியாத்தான் வச்சிருக்கான்."

நேர்முகத்தன்று அய்யா விடியுமுன்பே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்விட்டார். ஆபீசர் முதல் கேள்வியே, "வேர் இஸ் யுவர் ஃபாதர்?" என்று போட்டார்.

கடலில். தமிழில் அதோடு வேலை முடிந்துவிடும். இங்கிலீஷில் மூன்று சொல்லும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டன. பூனை முந்திக்கொண்டது. "இன் தி ஸீ, சார்."

ஆபீசரின் பேனா நின்றது. எப்போது என்று மெதுவாகக் கேட்டார்.

"இன் தி மார்னிங், சார்."

இது சரியான இன். ஜோதிமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நீளமாக ஏதோ பேசினார். அதில் டியூட்டி என்ற சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. அங்கேயே வேலை உத்தரவு டைப்பாகிக் கைக்கு வந்தது.

வாசலில் பியூன் நெய்னா முகம்மது கண்கலங்கி நின்றார். "ஏம்மா, அத்தா காலையில கடல்ல மௌத்தாயிட்டாராமே. அதோடயா வேலை கேட்டு வந்தே? மய்யித்து கரை ஒதுங்கிருச்சா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஐயோ, ஒற்றைச் சொல் பிசகில் அய்யாவைக் கொன்றுவிட்டேனே! உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போகும், பெஞ்சமின் வருவான். கதவுவரை போனாள். பிறகு உத்தரவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ரயிலேறினாள். வழியெல்லாம் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், ஆபீசரே ஒரு மலர்வளையத்தோடும் ஆபீஸ் பரிவாரத்தோடும் வீட்டு முன்னால் நிற்கிறார்.

"செபஸ்தியான் வீடு?"

"நாந்தாங்க செபஸ்தியான். வாங்க சார், வாங்க," என்றார் அய்யா.

ஆபீசர் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். ஜோதிமேரி முன்னால் வந்துவிட்டாள். வேலை போனாலும் போகட்டும், அய்யாவைச் சாகக் கொடுத்து வாங்கிய வேலை வேண்டாம். "மன்னிச்சிருங்க சார். தப்பு எம்மேலதான். அது இன் இல்ல. அட். அட் ஸீ. கடல்ல தொழிலுக்குப் போயிருந்தாரு."

பின்னால் குமாஸ்தாக்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உத்தரவை ரத்துசெய்ய மதராஸுக்குக் காரணம் எழுத வேண்டும். பிரிபொசிஷனில் ஏமாந்தேன் என்று எந்த ஆபீசர் எழுதுவார்? அவர் தொண்டையைச் செருமினார். "அன்னைக்கே நீ அட்னுதானேம்மா சொன்னே? எனக்கு நல்லாக் கேட்டுச்சே."

"அப்ப மக வேலைக்குத்தான் இந்த மாலையா?" என்று அய்யா குளிர்ந்துபோய்க் கழுத்தை நீட்டினார்.

ஆபீசருக்கு வேறு வழியில்லை, போட்டார். வளையம் தலையில் இறங்காமல் காதில் மாட்டிக்கொண்டு நின்றது. குமாஸ்தாக்கள் கைதட்டினார்கள்.

வேலை நிலைத்தது. ஆனால் அன்று முதல் அய்யா வள்ளத்தைத் தள்ளும் விடியலிலெல்லாம் ஜோதிமேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரியதத்தம் என்ற மாதா ஜெபம் சொல்ல வேண்டிய மணிக்கெல்லாம் அவள் வாயில் 'அட் ஸீ, அட் ஸீ' என்றுதான் வந்தது. அவர் கரையேறும்வரை அந்த இன்னை அவள் நினைப்பதுகூட இல்லை.