மூன்று பத்து

"திரையில என்ன காட்டுது, அதச் சொல்லு" என்றாள் தங்கை. போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கப்பட்டிருந்தது. கைகள் அண்ணனின் காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் காட்டலக்கா. நம்பர் வர்ற எடத்துல வெறும் கோடுதான்." மறுமுனையில் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் பெண். "செல்லெல்லாம் செத்துப்போச்சு போலக்கா. மூணு வார வேலை."

"அதுக்குள்ள ஒப்பாரி வைக்காத. சென்ஸார் கேபிளக் கழட்டு. முனையில ஈரம் இருக்கா பாரு, தொடச்சுட்டு மாட்டு. அப்பவும் வரலன்னா பக்கத்துக் கலத்தோட கேபிளப் போட்டுப் பாரு. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். ஒவ்வொண்ணையும் நேரம் போட்டு எழுது."

கண்ணாடிக் கலங்களில் செல்களை வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக இயந்திரங்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம். புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: எண் வரவில்லையென்றால் முதலில் கம்பியைச் சந்தேகப்படு, உள்ளே இருக்கும் உயிரைக் கடைசியாகச் சந்தேகப்படு. ஒருமுறை யாரோ வெற்றுத் திரையைப் பார்த்துப் பதறி, கலம் நிறைய உயிரோடிருந்த செல்களைத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள். கேபிள் செருகியின் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர். கோளாறு அவ்வளவுதான்.

அண்ணன் பஸ் ஓட்டியவர். அவளுடைய வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஏதோ ஒரு பானையைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது மட்டும். "உன் பானைக்கு வந்த வாழ்வப் பாரு. வேளாவேளைக்குச் சாப்பாடு, காத்து, இதமா சூடு. எனக்கு ஒரு டீ போட நாதியில்ல" என்பார். அண்ணி அடுப்படியிலிருந்தே, "மூணாவது டீய முழுங்கிட்டுப் பேசுற பேச்சா இது" என்பாள்.

இப்போது டீயும் இல்லை, பேச்சும் இல்லை. கூடத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய மூச்சு இரண்டு நாளாகவே விட்டு விட்டுத்தான் வந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில சமயம் இருபது வரை எண்ணலாம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் கவ்விய சின்ன கிளிப்பில் ஒளிரும் எண்ணை அரை மணிக்கு ஒருமுறை குறிப்பேட்டில் எழுதச் சொல்லியிருந்தார் வந்துபோகும் நர்ஸ்.

அண்ணி தூங்கி மூன்று நாளாகியிருந்தது. மதியம் அவளைத் தங்கைதான் தள்ளாத குறையாக உள்ளறைக்கு அனுப்பினாள். கதவருகே நின்று அண்ணி திரும்பினாள்.

"ஏதாவது மாறுச்சுன்னா எழுப்பும்மா. தூங்குறாளேன்னு பாவம் பாக்காத. முப்பது வருஷம் அவர் வீடு வந்து சேர்ற வரைக்கும் முழிச்சே இருந்திருக்கேன். போறப்ப தூங்கிட்டிருந்தேன்னு இருக்கக் கூடாது."

"எழுப்புறேன் அண்ணி. போங்க."

மூன்று மணிக்கு எழுபத்தொன்று. எழுதினாள். கண் தானாகச் சொக்கியது. போனில் செய்தி வந்து விழுந்தது: ஈரம்தான்க்கா. தொடச்சதும் நம்பர் வந்துடுச்சு. எல்லாம் உயிரோட இருக்கு.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கிளிப்பில் எண் இல்லை. இரண்டு கோடுகள்.

விரல் சில்லென்றிருந்தது. சில்லிட்ட விரலில் எண் வராது என்று நர்ஸும் சொல்லியிருந்தார். தேய்த்துச் சூடேற்றி மாட்டினாள். கோடுகள். குறிப்பேட்டை எடுத்தாள்.

3.10 – எண் வரவில்லை. விரல் தேய்க்கப்பட்டது.
3.13 – நடுவிரலுக்கு மாற்றப்பட்டது. இல்லை.
3.16 – கிளிப்பின் கண்ணாடி துடைக்கப்பட்டது. இல்லை.
3.18 – பேட்டரி மாற்றப்பட்டது. இல்லை.

பிறகு கிளிப்பைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு என்று சட்டென்று வந்தது. '3.20 – கருவி சரி' என்று எழுதினாள். அடுத்து எதை மாற்றுவது என்று யோசித்தாள். மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் அவருடைய நெஞ்சைப் பார்த்தாள். இருபது வரை எண்ணினாள். அறுபது. நூறு.

உள்ளறைக்குப் போய் அண்ணியின் தோளைத் தொட்டாள். அண்ணி கண்ணைத் திறந்ததுமே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போ?"

"இப்பத்தான் அண்ணி."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

டாக்டர் அதே தெருதான். கால் மணியில் வந்துவிட்டார். கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், படிவத்தை மடியில் விரித்துக்கொண்டார்.

"எத்தன மணிக்குங்க?"

தங்கை குறிப்பேட்டைப் பார்த்தாள். அண்ணி நாற்காலியில் கிடந்த குறிப்பேட்டை எடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, பள்ளிப் பிள்ளையைப் போல மெதுவாகப் படித்தாள். விரல் கடைசி வரிவரை போனது. பிறகு மேலே ஏறி ஓர் இடத்தில் நின்றது. டாக்டர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார்.

"மூணு பத்து, டாக்டர்" என்றாள் அண்ணி.

அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்பினார். வாசல்வரை போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்த தங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அண்ணி, நான் வந்து..."

"அந்த மிஷின நிறுத்தும்மா. காது கொடையுது."

அதை நிறுத்த யாருக்குமே தோன்றியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். உறுமல் இறங்கி இறங்கி அடங்கியது. வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கன்னத்தில் தலையணை உறையின் மடிப்பு பதிந்த சிவந்த கோடு, காதோரத்திலிருந்து வாய்வரை, இன்னும் மறையாமல் இருந்தது.