எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

முன்னாள் நாயக் செம்பியனின் வலது மணிக்கட்டில் 'செல்லாயி' என்ற பெயர் பச்சை குத்தினாற்போலத் தோன்றியது, 2023 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அவர் மனைவியின் பெயர் எழிலரசி. அப்போது செம்பியன் ராணுவத் தீர்ப்பாயத்தின் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; அவருடைய ஊன ஓய்வூதிய வழக்குக்கு ஏழாவது வாய்தா கொடுத்து அப்போதுதான் தேதி சொல்லியிருந்தார்கள். மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரயிலேறிச் சிதம்பரம் வந்தார். எழிலரசி கைக்குட்டையை அவிழ்த்தார், படித்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார், பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். பெயர் போகவில்லை. "யாருங்க இது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். செம்பியனுக்குத் தெரிந்த ஒரே செல்லாயி, அவர் சின்னப் பையனாக இருந்தபோது தெருவில் கீரை விற்றவர். இரண்டு நாள் அந்த வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை.

செம்பியன் பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். 2009இல் பனிமலையில் லாரியிலிருந்து டீசல் பீப்பாய் இறக்கும்போது வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு கூடியது, சரியாகக் கூடவில்லை. ஓய்வு பெறும்போது மருத்துவக் குழு அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, ஊனம் பதினான்கு சதவீதம் என்று எழுதியது. இருபது இருந்தால்தான் ஊன ஓய்வூதியம். ஊருக்கு வந்து ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலர் ஆனார். மேல்முறையீடு செய்தார், தள்ளுபடி ஆனது. மறுபடி செய்தார், மறுபடியும் ஆனது. தீர்ப்பாயத்துக்குப் போ என்று சொன்ன எல்லோரும், போவதற்கு முன் மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியராஜைப் பார் என்றும் சொன்னார்கள்.

ஆரோக்கியராஜ் ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, கடலூர் கோர்ட்டுப் பக்கம் தட்டச்சுக் கடை வைத்திருந்தவர். அவர் கம்ப்யூட்டரில் ஜெயித்த மனு ஒன்று இருந்தது. தேவனாம்பட்டினத்துப் பக்கிரி என்ற சிப்பாயின் மனு, அவருக்கும் மணிக்கட்டுதான். கடலூர் மாவட்டத்தில் கை விளங்காத முன்னாள் படைவீரர்கள் யாரும் புதிதாக எழுதச் சொல்வதில்லை. "அண்ணே, பக்கிரி மனுவையே போட்டுடுங்க" என்பார்கள். ராசியான மனுவில் ஒரு வரி மாற்றினாலும் ராசி போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆரோக்கியராஜ் பெயரையும் படை எண்ணையும் மட்டும் மாற்றுவார். செம்பியனுக்கும் அப்படித்தான் மாற்றினார். செம்பியன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முன்னால் இருந்த பக்கங்களை அவர் படிக்கவில்லை. அதுவரை யாருமே படித்ததில்லை.

மூன்றாம் நாள் எழிலரசி அந்த மனுவை எடுத்துப் படித்தார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் முதல் வரியிலிருந்து படிப்பவர். முதல் மூன்று பத்தியில் பெயர், பணி, விபத்து. நான்காவதில் மணிக்கட்டு திரும்பவில்லை என்று இருந்தது. நான்காவது வாய்தா அன்றுதான் செம்பியனால் பூட்டைத் திறக்க முடியாமல் போனது. ஐந்தாவதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின என்று இருந்தது. ஐந்தாவது வாய்தா அன்று மரத்தன. ஆறாவது வாய்தா அன்று டம்ளர் நழுவியது. ஆறாம் பத்தியில் அந்த டம்ளர் இருந்தது. ஏழாம் பத்தி அங்க அடையாளம்: வலது மணிக்கட்டில் மனைவி செல்லாயியின் பெயர் பச்சை குத்தப்பட்டுள்ளது. எழிலரசிக்குப் பாதி நிம்மதி வந்தது. பக்கத்தைப் புரட்டினார். எட்டாம் பத்தி, கைரேகைகள் அழிந்துவிட்டன என்றது. ஒன்பதாம் பத்தி, மனுதாரர் இறந்துவிட்டார், அவர் மனைவி வழக்கைத் தொடர்கிறார் என்றது.

செப்டம்பரில் எட்டாவது வாய்தா. மறுநாள் ரேஷன் கடையில் செம்பியனின் விரலை இயந்திரம் ஏற்கவில்லை. கடைக்காரர் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார், வேறு விரல் வைக்கச் சொன்னார், கடைசியில் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். உள்ளங்கை புதுச் சுவர் போல வழவழவென்றிருந்தது. அன்று செம்பியனுக்கு வந்த பயம் மலையில் குண்டு விழுந்தபோதுகூட வந்ததில்லை. குண்டு யார் மேல் விழும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இங்கே எழுதி, கீழே அவரே கையெழுத்தும் போட்டிருந்தார். அடுத்த தேதி அக்டோபர் பத்தொன்பது. காப்பீட்டுத் தாள்களை ஒரே கோப்பில் கட்டினார். சமையல் கேஸ் புத்தகம் இருக்கும் இடத்தை மகள் சுவேதாவுக்குக் காட்டினார். ஏன் காட்டுகிறார் என்று அவள் கேட்கவில்லை, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

புருஷனும் மனைவியும் மஞ்சக்குப்பத்துக்கு ஓடினார்கள். ஆரோக்கியராஜ் ஒன்பதாம் பத்தியைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். திருத்த மனு போட்டார்கள். வாங்கி முத்திரை குத்தினார்கள். ஆனால், இறுதி விசாரணையன்று மூல மனுவை முழுக்கப் படித்து முடித்த பிறகே திருத்தத்தை எடுப்பார்கள், அதுதான் முறை என்று பதில் வந்தது.

"படிச்சு முடிக்கறதுக்கும் திருத்தறதுக்கும் நடுவுல பத்து நிமிஷம் ஆவும்" என்றார் ஆரோக்கியராஜ்.

"அந்தப் பத்து நிமிஷத்துல நான் என்னா ஆவேன்?" என்றார் செம்பியன்.

வாபஸ் வாங்கலாமா என்று எழிலரசி கேட்டார். வாபஸ் மனுவில், இறந்தவர் என்று பதிவான ஆள் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்பது ஆரோக்கியராஜுக்குத் தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு, அக்டோபர் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்துப் பக்கிரியின் மனைவி செல்லாயி பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்தார். அறுபது வயதுக்காரர், ஆறேழு வருடமாகத் தனியாள். பையில் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார். செம்பியனின் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தன் பெயரை விரலால் தடவினார். "அந்த மனுசன் கையில இருந்ததேதான். கடேசி எழுத்து சாஞ்சி கெடக்கும், பாரு. திருவிழாவுல குத்திக்கினு வந்து எங்கிட்ட அடி வாங்குனாரு" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் வெகுநேரம் கையை விடவில்லை. எழிலரசி அந்தக் கையைத் திருப்பிக் கேட்கவுமில்லை.

காபி குடித்தபின் செல்லாயி கேட்டார்: "ஒம்போதாவது பத்தின்றீங்களே, அது எங்க வூட்டுக்காரரு செத்தப்பறம் ஆரோக்கியராஜு சேத்தது. மொதல்ல எட்டுதான் இருந்துச்சு. சாவ நடுவுல சேக்கலாம்னா, அதுக்கு முன்னாடி உசுரச் சேக்கக்கூடாதா தம்பி?"

மறுநாளே ஆரோக்கியராஜ் கூடுதல் மனு ஒன்று தயாரித்தார். எட்டாம் பத்திக்குப் பின், ஒன்பதுக்கு முன், எட்டு-ஏ. என்ன எழுதுவது என்று கேட்டார். கை குணமாகிவிட்டது என்று எழுதச் சொன்னார் செம்பியன். அப்படி எழுதினால் வழக்கே இல்லை, அன்றைக்கே மனுவைப் படித்து மூடிவிடுவார்கள் என்றார் ஆரோக்கியராஜ். எழிலரசி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'மனுதாரர் இடது கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டார்' என்று சொன்னார். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி வழக்கைக் கூப்பிட்டார்கள். செம்பியனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழிலரசி அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். கூடுதல் மனுவுக்குப் பதில் சொல்ல அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். ஒரு மாதம் வாய்தா. மத்தியானம் ஓட்டலில் செம்பியன் இடது கையால் சாம்பார் சோறு பிசைந்து, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் சாப்பிட்டார்.

அதிலிருந்து மாதம் ஒரு பத்தி. எட்டு-பியில் இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டார். எட்டு-எஃப்பில் பைக் விட்டார். எட்டு-கேயில் சுவேதாவைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு பத்திக்கும் பதில் சொல்ல அரசுத் தரப்புக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது, அந்த மாதத்துக்குள் அடுத்த பத்தி போனது. ஊன ஓய்வூதியம் வரவில்லை. வங்கி வேலையும் போய்விட்டது. துப்பாக்கி பிடிக்க முடியாத காவலரை யார் வைத்துக்கொள்வார்கள்? வருடா வருடம் பக்கிரியின் நினைவுநாளுக்குச் செல்லாயி வந்து, அரைமணி நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அதைத் தெருவில் யாரும் கேட்பதில்லை.

2025 நவம்பரில் எட்டு-இசட் வந்தது. பழைய பயம் முழுதாகத் திரும்பி வந்தது. செம்பியன் மறுபடி காப்பீட்டுக் கோப்பை எடுத்து வைத்தார். ஆரோக்கியராஜ் மட்டும் பதறவில்லை. "வண்டி நம்பர்ல இசட் முடிஞ்சா ஏஏ போடறதில்லியா? அதான்" என்றார்.

டிசம்பர் வாய்தாவில் அரசு வக்கீல் எழுந்து, இருபது சதவீதத்துக்குத் தாங்கள் ஒப்புக்கொள்வதாகவும் வழக்கை இன்றே முடித்துவிடலாம் என்றும் சொன்னார். பதினோரு வருடமாகச் செம்பியன் கேட்டது அதைத்தான். நீதிபதி மூல மனுவைக் கையில் எடுத்தார். செம்பியன் எழுந்து, ரேகையில்லாத கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அய்யா, இன்னொரு பத்தி சேத்திருக்கேன். ஒரே ஒரு வாய்தா குடுங்க" என்றார். நீதிபதி மனுவை மூடி வைத்துவிட்டு, ஜனவரியில் ஒரு தேதி சொன்னார்.

சாயங்காலம் சிதம்பரம் ரயிலடிக் கடையில், எட்டு-ஏஏ பத்தியில் எழுதியிருந்தபடியே, செம்பியன் இடது கையால் மனைவிக்கு டீ ஆற்றிக் கொடுத்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எழிலரசி குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு என்ன எழுதலாம் என்று கேட்டார்.