காய்ச்சலில் உளறியது

ஒன்பதாம் நாள் காலையில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் காய்ச்சல் விட்டது. சும்மா விடவில்லை, உடம்பில் இருந்த தெம்பு அத்தனையையும் சுருட்டிக்கொண்டுதான் போனது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினோரு அடி. அதைக் கடப்பதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குனிந்து நின்று ஒற்றை ஆளாக பிரேக்கைக் கழற்றி மாட்டுகிறவன். இப்போது பல் தேய்க்கும் பிரஷ் கனத்தது.

ஃப்ளூவை அவன் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. வேலை செய்யும் இடத்தில் யாராவது தும்மினால் போதும், "ரெண்டு மாத்திரை, ஒரு தூக்கம், தீர்ந்தது. இதுக்குப் போய் லீவா?" என்று இலவச வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனை அது ஒன்பது நாள் கவிழ்த்துப் போட்டது. நடுவில் மூன்று நாள் என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியாது. யாரோ வாயில் தண்ணீர் ஊற்றியதும், நெற்றியில் ஈரத்துணி பட்டதும் மட்டும் அரைகுறையாக நினைவில் இருந்தன.

முகம் கழுவி வந்து ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டான். போட்ட பிறகுதான் ஐயோ என்றிருந்தது. அந்தத் துண்டுக்கு இருபத்தொரு வருடமாக ஒரு பாட்டு உண்டு. "கொடி எதுக்குக் கட்டியிருக்கு, நான் தொங்கறதுக்கா?" என்று தொடங்கி, மெத்தையின் நாற்றம், அவனை வளர்த்த விதம், அவனுடைய அண்ணன் தம்பிகளின் யோக்கியதை எல்லாம் சுற்றி மறுபடி துண்டுக்கு வந்து நிற்கும். மனைவி உள்ளே வந்தாள். துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். சூப் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.



அவள் பேசாமல் இருக்கிற ரகமே இல்லை. ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிற வேலை. அந்தக் கடகட சத்தத்தில் யாரோடும் பேச முடியாததால், மிச்சம் வைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்துதான் பேசித் தீர்ப்பாள். அவள் வாயை மூடினால் ஒன்று தூங்குகிறாள், இல்லாவிட்டால் பெரிதாக எதுவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் தலையணையைக் கவனித்தான். அவளுடையது கட்டிலில் இல்லை. கூடத்து சோபாவில் கிடந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோதெல்லாம் பக்கத்திலேயே படுத்தவள், விட்ட பிறகு எதற்குத் தள்ளிப் போக வேண்டும்?

வாசலில் மகள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். சுவரைப் பிடித்தபடி அவளிடம் போனான்.

"நான் காய்ச்சல்ல ஏதாவது பேசினேனாம்மா?"

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பேசினீங்களாவா? மூணு நாளா வாயே ஓயல. பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டிட்டாங்க."

"அப்படி என்ன பேசினேன்?"

"அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்குமாம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அம்மாகிட்டயே கேட்டுக்குங்கப்பா. எனக்கு பஸ் போயிடும்."

போய்விட்டாள். அவன் திரும்பினான். சாப்பாட்டு மேசை மேல் ஒரு நீல நிற ஃபைல் இருந்தது. நாடா அவிழ்ந்து கிடந்தது. மனைவி தன்னுடைய சான்றிதழ்களைப் போட்டு வைத்திருக்கிற ஃபைல். அலமாரியின் உச்சித் தட்டில், பழைய போர்வைக்குக் கீழே, வருடக் கணக்காக யாரும் தொடாமல் இருந்த ஃபைல்.

சரி, எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தான். அவனுடைய வாயே அவனுக்கு எமனாகிவிட்டது.

எது வெளியே வந்ததாக நினைத்தான் என்றால், இதுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற வேலைக்குத் தேர்வு எழுதினாள். அதற்கென்று படித்தவள், ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு போடுவாள். நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் வந்து சொன்னாள். கடைசிக் கணக்கு ஒன்றில் மட்டும் கொஞ்சம் சந்தேகம். ஒரு முக்கோண நிலம், மூன்று பக்கத்தின் நீளம் ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, அறுபது, பரப்பளவு என்ன? இவளுக்கு ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு வந்தது. கூட எழுதிய தோழிக்கு வேறு எதுவோ வந்ததாம். நான்கு மாதம் தபால்காரரின் மணிச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடினாள். தோழிக்கு வேலை கிடைத்தது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை.

வந்தது. அவள் நான்கு மாத வயிற்றோடு டாக்டரைப் பார்க்கப் போயிருந்த ஒரு மதியம் வந்தது. அந்த வேலை ஆர்டரை அவன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். தேர்வானவர்களில் மூன்றாம் இடம். அடுத்த மாதம் முதல் தேதி, ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் வேலையில் சேர வேண்டும். சாயங்காலம் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்தான். சாயங்காலம் நாளைக்கு என்று ஆயிற்று. நான்காம் நாள் வேலைக்குப் போன இடத்தில் அதை எட்டாகக் கிழித்து லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் போட்டான். சாவி, நாணயம், மிட்டாய்த் தாள் என்று நூறு பேர் தவறவிட்டதெல்லாம் கிடக்கிற குழி அது. யாரும் அதற்குள் தேடப் போவதில்லை.

வயிற்றில் பிள்ளையோடு அவ்வளவு தூரமா, எனக்கு அந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். எல்லாம் சப்பைக்கட்டு. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் அவன். மூன்றாம் இடம் என்று அச்சடித்திருந்த அந்த வரியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இதையாவது கோழைத்தனம் என்று தள்ளிவிடலாம். அதற்கு மேல் ஒன்று செய்தான். அவள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அழுதபோது முதுகைத் தடவிக்கொடுத்து, "விடு, அந்தக் கடைசிக் கணக்குலதான் போயிருக்கும்" என்றான். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கை சும்மா இருக்கும்போதெல்லாம் ஒரு முக்கோணம் போடுவாள். மளிகைச் சீட்டின் பின்னால், கடையில் பாழான தாள்களில், ஒரு தடவை மகளின் மருந்துச் சீட்டில். மூன்று பக்கத்தையும் எழுதி, கணக்கைப் போட்டு, 1344 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாள். மகள் வளர்ந்து, தானே போட்டுப் பார்த்து, "சரியாத்தானே இருக்கு?" என்றபோது, "அப்போ பரீட்சை ஹால்ல வேற எதையாவது எழுதித் தொலைச்சிருப்பேன்டி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனும் கலந்துகொண்டான்.

காய்ச்சல் விட்ட மறுநாள் மனைவி கடைக்குப் போனாள். போனவள் மூன்று மணிக்கே திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். மகள் வருவதற்குள் பேசித் தீர்த்துவிடத்தான் வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"நீ இப்படி வாயை மூடிட்டு இருக்கறதுக்கு, நாலு வார்த்தை திட்டிடலாம்."

அவள் நிமிரவில்லை. "என்ன?"

"எனக்குத் தெரியும். காய்ச்சல்ல எல்லாத்தையும் கொட்டிட்டேன். நீயும் அந்த ஃபைலை எடுத்து வச்சுட்ட. நான் பண்ணினது தப்புதான். அந்த ஆர்டரை நான் கிழிச்சிருக்கக் கூடாது."

இப்போது நிமிர்ந்தாள். "எந்த ஆர்டரை?"

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடம் அடைத்து வைத்தது, கதவு திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டதைச் சொன்னான். சட்டைப் பையைச் சொன்னான். குழியைச் சொன்னான். ஆறு மணி நேர ரயிலையும், அவள் வயிற்றில் இருந்த பிள்ளையையும் சொன்னான். மூன்றாம் இடத்தை மட்டும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும்போதுகூட ஒன்றைக் கையில் மறைத்துக்கொண்டுதான் கேட்டான்.



"இதையெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே," என்றாள். "மூணாவது மாடில நிக்குது, கதவைத் திறக்காதேன்னு கத்துனீங்க. கிரீஸ் கொண்டாடான்னு யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டுனீங்க. தண்ணி குடுக்க வந்தா என்னைப் பாத்து, ஏழு பேருக்கு மேல ஏறாதீங்கம்மான்னீங்க. மூணு நாளும் இதேதான்."



"ஃபைல், நம்ம பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷனுக்கு. அவளோட பிறப்புச் சான்றிதழும் அதுலதான் இருக்கு." ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். "எனக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்லை. தலை வெடிக்குது. பேசவே தெம்பில்லை. இப்பத்தான் பிழைச்சு எழுந்திருக்கீங்க, திரும்ப ஒட்டிக்க வேண்டாம்னு வெளியில படுத்தேன்."

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவன் போய்க் கையைப் பிடித்தான், நெருப்பாகச் சுட்டது. தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. இரண்டு நாளாக அந்த உடம்போடு சூப் வைத்து, துண்டு உலர்த்தி, மெஷின் முன்னால் போய் நின்றிருக்கிறாள். அவனுக்கோ அவளுடைய மௌனத்தில் தன்னைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நான்கு நாள் அவளை அவன் பார்த்துக்கொண்டான். தன் காலே தனக்கு நிற்காத நிலையில் வெந்நீர் வைத்தான், துணி நனைத்துப் போட்டான், மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தான். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "இப்படி ஒரு மனுஷன் அமையக் குடுத்து வச்சிருக்கணும்" என்று கண் கலங்கிவிட்டுப் போனாள். அவன் மனதுக்குள் ஓடியதைக் கேட்டிருந்தால் அந்தக் கண் காய்ந்திருக்கும். என் நினைவிலிருந்து மூன்று நாள் போனதே, அவள் நினைவிலிருந்து நான் வாய்விட்ட அந்த ஒரே ஒரு மதியம் போகாதா என்பதுதான் அவனுடைய ஓயாத வேண்டுதல். காய்ச்சல் ஏறும்போது பயந்தான். கொஞ்சம் சந்தோஷமும் பட்டான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அது போகவில்லை.

வீட்டுக்கு வந்த டாக்டரை வாசல்வரை கொண்டுவிடப் போனவன், "காய்ச்சல் வேகத்துல நடந்ததெல்லாம் அப்புறம் ஞாபகம் இருக்குமா டாக்டர்?" என்று கேட்டான்.

"சிலருக்கு இருக்காது. அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க."

கவலைப்படவில்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் ஒழுங்காக இரண்டு ரொட்டி சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் மாலை அவள் ஏதோ முனகினாள். அவன் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். "ஐம்பத்திரண்டு… ஐம்பத்தாறு… அறுபது…"

"பாவம்பா அம்மா," என்றாள் துணியைப் பிழிந்துகொண்டிருந்த மகள். "காய்ச்சல்லகூட அந்தக் கணக்குதான்."

அவனுக்கு மூச்சு சீராக வந்தது. இன்னும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால், ஒன்றும் மனதில் தங்கவில்லை என்றுதானே ஆகிறது?

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அவன் சூப்போடு உள்ளே போனபோது அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, முகம் ஒரு பிடியாகச் சுருங்கியிருந்தது.

"அந்தத் துண்டு மறுபடி கட்டில் மேல," என்றாள். குரல் கரகரத்தது. "கொடி எதுக்குக் கட்டியிருக்கு, நான் தொங்கறதுக்கா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டைப் பாய்ந்து எடுத்தான். உலகத்தில் எந்தப் பாட்டும் அவனுக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை. பிழைத்தேன் என்று நினைத்தான். அவள் பிழைத்தாள் என்று நினைத்தது அதற்குப் பிறகுதான்.

"ஒரு பேப்பரும் பென்சிலும் குடுங்க."

ஓடாத குறையாகப் போய் எடுத்து வந்தான். அவள் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு முக்கோணம் போட்டாள். மூன்று பக்கத்துக்கும் நீளம் எழுதினாள். பக்கத்திலேயே கணக்கைப் போட்டாள், வரி வரியாக, அவசரமில்லாமல். 1344 என்று எழுதினாள். அவன் கையில் ஈரத்துண்டோடு அந்தக் கேள்விக்குறிக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அதையும் போட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பென்சில் நின்றது.

"எத்தனாவது இடம்னு போட்டிருந்தது?" என்று கேட்டாள், தாளைப் பார்த்தபடியே.

துண்டிலிருந்து தண்ணீர் அவன் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தான்.

"மூணாவது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். 1344-க்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே இன்னொரு கோடு. கை நடுங்கியது, கோடு இரண்டும் நேராகத்தான் வந்தன.

"எப்பப் போட்டாலும் இதே விடைதான் வந்துது," என்றாள். "அந்த ஹால்ல உக்காந்து அப்படி என்னத்தை எழுதித் தொலைச்சேன்னு, பத்தொன்பது வருஷமா யோசிச்சுட்டே இருந்தேன்."