ராசிக்கையின் சம்பளம்

"செருப்பைக் கழட்டு. அண்ணன் மேட்ச் அன்னிக்கு யாரும் வீட்டை விட்டு நகரக்கூடாது, தெரியுமில்ல?"

அப்பா வாசலை மறித்து நின்றார். எதிரே, தோளில் பையுடன் மகள். அன்று அவளுக்கும் இறுதிப்போட்டி. பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். சம்பளம் கிடையாது. பஸ் காசு உண்டு, கேட்டால்.

அண்ணன் பெரிய கிளப்பில் மாற்று ஆட்டக்காரன். மூன்று வருடமாக யாரும் அவனை மாற்றி இறக்கியபாடில்லை. பெஞ்சில் உட்கார லட்சக்கணக்கில் சம்பளம். (நான் பார்க்கிற வேலையில் உட்கார்ந்தால் முதுகுவலிதான் வருகிறது.)

அந்த கிளப் முதல்முறை கோப்பை ஜெயித்தபோது அப்பா சோபாவில் ஒற்றைக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அதுவே சட்டம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்பாவின் கால் மரத்துப்போகும். பல்லி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா சுவரைப் பார்ப்பாள். அழுக்குப் பாத்திரம் தீர்ந்துபோனால் மகள் சுத்தமானதையே மறுபடி தேய்ப்பாள்.

"உன் கை ராசிக்கைடி," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

"அண்ணன் ஆடவே போறதில்லையேம்மா!"

"ஆடாம இருக்கறதுக்கே இவ்வளவு குடுக்கறான்னா, அவன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனா இருக்கணும்!" என்றார் அப்பா.

தேய்க்கும் நாரை எடுத்துவந்து அவர் கையில் வைத்துவிட்டு மகள் பஸ் ஏறினாள்.

கடைசிப் பெனால்டியை வயிற்றால் தடுத்து, ஜெயித்து, முழங்கை தேய்ந்து வீடு திரும்பினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் கிளப் நாலு கோல் வாங்கித் தோற்றிருந்தது.

"உன்னாலதான்டி தோத்தோம்!"

"நிஜமாவே என்னாலதானாப்பா?"

"வேற யாரால? தெருவே சொல்லுது!"

"அப்ப இத்தனை நாள் ஜெயிச்சது?"

"அதுவும் உன்னாலதான்!" என்று அப்பா அதே வேகத்தில் கத்திவிட்டார்.

அம்மா சுவரை விட்டுத் திரும்பினாள். மகளின் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்துப் பஞ்சு எடுக்கப் போனாள்.

"சரிப்பா," என்றாள் மகள் பொறுமையாக. "உட்கார்றது அவன், ஜெயிக்க வைக்கிறது நான். அடுத்த மாசத்துலேர்ந்து அவன் சம்பளத்துல பாதி எனக்கு வந்துடணும்."

அப்பா மரத்துப்போன காலை நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கென்னவோ," என்றார் கடைசியில், "இந்த விளையாட்டுக்காரங்களுக்கெல்லாம் அளவுக்கு மீறித்தான் அள்ளிக் குடுக்கறாங்கன்னு தோணுதும்மா."