வாசலைச் சுற்றிப் போகும் தடம்

கினுவே படியில் தயங்கி நின்றாள். இன்னும் சில படிகள் ஏறினால் கோயிலின் சிவப்பு வாசல். சாவுத் தீட்டோடு அதற்குக் கீழே நுழையக் கூடாது. அவளோ, தன்னோடு பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த அப்பா போன வாரம் இறந்த சேதியை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புதுப் படகின் முதல் பயணம் தள்ளிப்போகும். கணவன் சோஹேய் அந்த நாளுக்காகத் தவம் கிடந்தவன்.

முன்னால் ஏறிய நாத்தனார் தொமோயே, வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு கல் சிங்கத்தின் உடைந்த காதைத் தடவினாள்.

"இது எப்படி உடைஞ்சுது தெரியுமா? அந்தக் காலத்துல ஒருத்தன் தீட்டை மறைச்சு உள்ள போயிட்டான். அன்னிக்கு அலை இதுவரைக்கும் ஏறிடுச்சு. கடலுக்குப் போனவன் ஒருத்தனும் திரும்பல."

"சும்மா பயமுறுத்தாதீங்கக்கா."

"பயந்தாங்கொள்ளி! வழக்கத்தையும் கேட்டுக்கோ. வேண்டி முடிச்சதும் வீட்டுப் பொம்பளைங்க இந்தப் படியில நின்னு கையை ஆட்டணும். அதைப் பார்த்துத்தான் கீழ படகை எடுப்பாங்க."

கீழே துறையில் வண்ணக் கொடிகள் கட்டிய படகு நின்றது. சோஹேய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசல் தூணை ஒட்டி, புல் தேய்ந்த தடம் ஒன்று சுற்றிப் போனது.

"இது எதுக்குக்கா?"

"துக்க வீட்டுக்காரங்க போறது. கும்பிட்டுட்டு வந்துடணும். படகுக்கு வேண்டக் கூடாது."

கினுவேயின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. தொமோயே பார்த்துவிட்டாள்.

"யாரு?"

"அப்பா."

அறை விழும் என்று கினுவே கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை. தொமோயே தன் அடிவயிற்றில் கை வைத்திருந்தாள்.

"எனக்கும் தீட்டுதான். போன வாரம் கரு கலைஞ்சுபோச்சு. யார்கிட்டயும் மூச்சு விடல. நீயாவது உள்ள போவேன்னுதான்டி கூட்டிட்டு வந்தேன்."

இனி உள்ளே போய் வேண்ட ஆள் இல்லை; படகு கிளம்பக் கூடாது. தொமோயே தம்பி சோஹேய்க்குப் போன் அடித்தாள். எஞ்சின் இரைச்சலில் அவன் எடுக்கவில்லை.

"போகாதீங்க!" என்று கினுவே அலறினாள். காற்று அதை அப்படியே விழுங்கிவிட்டது. படியின் விளிம்புக்கு ஓடி, நில், நில் என்று இரண்டு கையையும் வீசினாள். தொமோயேயும் பதறிப்போய் வீசினாள்.

சோஹேய் பார்த்தான். சிரித்தபடி பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.