தெற்கைப் பார்த்த மண்

...இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்த மண்பெட்டிகள் மேல் அடுக்கு, கை கழுவி வந்து எடுத்தவை கீழ் அடுக்கு, அந்த ஏழில்தான் வம்பு, இடம் மாறி உட்கார்ந்தேனோ, உட்கார்ந்த வாக்கில் பெட்டியைத் திருப்பி அழுத்திவிட்டேனோ... சங்ககிரிக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குகைக்குள் மறுபடியும் வயிற்றால் ஊர்ந்தபடி, பத்து நாளாக நினைத்ததையே ஆய்வு மாணவி டெபோரா நினைத்துக்கொண்டிருந்தாள். குகைக் களிமண்ணைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை மேலிருந்து அழுத்தி மண் எடுத்திருந்தாள், பெட்டியின் வெட்டுப்பட்ட மூலை வடக்கே இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மேல் அடுக்கு மண்ணில் உறைந்திருக்கும் காந்தம் வடக்கைப் பார்க்கிறது, கீழ் ஏழும் தெற்கைப் பார்க்கின்றன என்றது ஆய்வகக் கருவி. பூமியின் காந்தம் பலமுறை தலைகீழாகியிருக்கிறது, கடைசியாகத் திரும்பி ஏழு லட்சத்து எண்பதாயிரம் வருடங்கள் ஆகின்றன என்று படித்தவள்தான், ஆனாலும் பேராசிரியர் குமரகுரு ஆய்வக முடிவுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏழுமே மத்தியானம் எடுத்ததா? திருப்பி வெச்சிருப்பேம்மா, சந்தேகம்னா தூக்கிடு" என்றபோது தலையாட்டிவிட்டாள். மூன்று வருட உழைப்பில் அந்த ஏழுதான் உயிர், மீதி வெறும் சேறு... ஏன் தலையாட்டினேன்?

"அம்மிணி, இருக்கறீங்களா?" வெளியே, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நிலத்துக்காரர் கந்தப்பன். "இருக்கறேங்க!" அவள் குரலே அவளைச் சுற்றி வந்தது. நெற்றி விளக்கைக் கழற்றித் தள்ளி வைத்தாள், காந்த முள்ளுக்கு அருகில் இரும்பு ஆகாது. பெட்டிகள் பதிந்த ஏழு குழிகளும் அப்படியே இருந்தன, சதுரம் சதுரமாக, ஒவ்வொன்றிலும் ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டு. காந்த ஊசிப் பெட்டியைக் கிடையாகப் பிடித்தாள், முள் தள்ளாடியது, நின்றது, வெட்டுப்பட்ட மூலை... வடக்கே. அடுத்தது, வடக்கே. மூன்றாவதும் வடக்கே, ஏழாவது வரைக்கும் வடக்கே. திருப்பி வைக்கவில்லை, நான் திருப்பி வைக்கவே இல்லை. அப்படியானால் இந்த மண்... ஏதோ ஒரு பெருமழையில் உள்ளே வந்த வெள்ளம், கலங்கி, அடங்கி, அசையாமல் நின்ற நீரில் இரும்புத் துகள்கள் ஒவ்வொன்றாக இறங்கும்போது, இறங்கிய துகளெல்லாம் மெல்லத் திரும்பித் தெற்கைப் பார்த்திருக்கின்றன, பார்த்தபடியே உறைந்துவிட்டன, பார்க்க ஒரு மனிதக் கண் கிடையாது, கேட்க ஆள் கிடையாது. உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். குளிர்ந்திருந்தது. கண்ணீர் ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

ஊர்ந்து வெளியே வந்ததும் வெயில் அறைந்தது. கந்தப்பன் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். "என்னுங்க அம்மிணி, அழுதீங்களா?"

"நான் வெச்சது சரிதாங்க. இந்த மண்ணு படிஞ்சப்போ காந்த முள்ளு தெக்கதாங்க காட்டியிருக்கும். பூமியே அப்படி இருந்திருக்குது."

அவர் குகை வாயையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ சூரியனுங்க?"

"அது கெழக்கதாங்க."

"அது மாறலீங்கல்லொ" என்று அவர் மெதுவாகச் சொன்னார், ஏதோ தப்பித்த மாதிரி. அவள் சிரித்தாள், குடித்தாள், பேராசிரியரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தாள், விரல் நின்றுவிட்டது... பத்து நாள், பத்து நாளில் ஒரு தடவையாவது பூமி திரும்பியிருக்கும் என்று தோன்றியதா, அதைத்தானே தேடிப் போனேன், கண்ணெதிரே ஏழு சாட்சி, ஆனாலும் நான்தான் தப்பாகத் திருப்பியிருப்பேன் என்றே... பூமியைச் சந்தேகிப்பதைவிட என்னைச் சந்தேகிப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது, எப்போதிலிருந்து?